அவருக்குப் பிடித்த எழுத்தாளர்

கிட்டப் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் கடையில் ஓர் அட்டை உண்டு. அன்று அதை யாரோ எங்கேயோ வைத்துத் தொலைத்திருந்தார்கள். அதனால் அங்கே வேலை பார்க்கிற அவள் மேசைமேல் கிடந்த ஞாயிறு இதழை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "இதுல எங்கயாவது வாசிச்சுப் பாருங்க" என்றாள். பெரியவர் புதுக் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, இதழை எட்டப் பிடித்தார், பிறகு கிட்டக் கொண்டுவந்தார். நடுப்பக்கத்தில் ஒரு பேட்டி. அதில் பொடி எழுத்தாக இருந்த இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தார்.

"'எழுந்து நிற்க முடியாத, பேச முடியாத ஓர் உடம்பை வருஷக்கணக்கில் காப்பாற்றிக்கொண்டிருப்பதை நாம் அன்பு என்கிறோம். அது அன்பு இல்லை, கோழைத்தனம். அந்த மனிதர் எப்போதோ போய்விட்டார். மிச்சத்தை வைத்துக்கொண்டு நாம்தான் நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்.'"

"எழுத்து கலங்குதுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. பளிச்சுனு இருக்கு."

"இன்னும் நாலு வரி வாசிங்க. கழுத்தை அசைக்காம."

அவர் வாசித்தார். அரசாங்கம் இதற்கெல்லாம் செலவழிப்பதும் வீண் என்று அடுத்த வரி சொன்னது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, மூக்குப் பிடி ஒரு பக்கம் அழுத்துகிறது என்றார். அவள் வாங்கி, சின்னக் குறடால் அதை ஒரு மயிரிழை விரித்து, துணியால் துடைத்து மறுபடி மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தம் பார்த்தாள். "இந்த ஆளு பெரிய எழுத்தாளராம், என் மருமக எல்லாத்தையும் வாங்கி வச்சிருக்கா" என்றார் பெரியவர். அவளும், "எங்க வீட்லயும் இருக்கு" என்றாள். அவர் போனபின் இதழைப் பார்த்தாள். மோவாயில் கை வைத்த அந்த முகம் அவளுக்குப் பழக்கமான முகம். அவர்கள் வீட்டு அலமாரியில் பத்துப் பதினைந்து புத்தகங்களின் பின்னட்டையில் வயது மாறி மாறி அது இருந்தது. இதழை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டினாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் தெரியும். மொட்டைமாடிக்கு மேலே மோட்டார் அறையில், ஆள் வரும்வரை, பொருள் வரும்வரை காத்திருக்கிற நேரமெல்லாம் அந்த எழுத்தாளரை வாசித்தே கழித்தவர். அதனால் வீட்டிலிருக்கும் புத்தகங்களின் ஓரங்களில் கட்டைவிரல் அகலத்துக்குக் கிரீஸ் கறை. பெண் பார்க்க வந்தபோது அவர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அந்த எழுத்தாளரை வாசித்திருக்கிறாயா என்பதுதான். இல்லை என்றாள். "பரவால்ல, நான் சொல்றேன்" என்றார். சொன்னார். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் போகும்போதும், மகள் பிறந்தபின் தொட்டிலை ஆட்டிக்கொண்டும் சொன்னார். அவள் ஒரு புத்தகத்தையும் தானாக எடுத்து வாசித்ததில்லை, ஆனால் எல்லாக் கதையும் அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "அப்புறம்", வலித்தாலும் "அப்புறம்", மின்விசிறியை நிறுத்து என்றாலும் "அப்புறம்". நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்ல வழிதான் அடைத்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். வாசிக்க முடிகிறதா என்பது தெரியவில்லை. எழுத்தைக் காட்டினால் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அதனால் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்து, பகலில் பார்த்துக்கொள்கிற நாத்தனாரிடம் அன்றைய நிலவரம் கேட்டு, மசித்த சாப்பாட்டைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். ஒரு பத்தி முடிந்து அவள் மூச்சு வாங்கும்போது அவர் "அப்புறம்?" என்பார். நாள் முழுக்க எந்த இடத்திலும் பொருந்தாத அந்தச் சொல் அந்த ஓர் இடத்தில் மட்டும் சரியாகப் போய் உட்காரும். அவள் வாசித்தது அந்த எழுத்தாளரின், மூன்று பாகமாக வருகிற பெரிய நாவல். இரண்டாம் பாகம், பல வருஷம் கழித்து ஊர் திரும்பிய ஒரு பெண் தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பதோடு முடிந்திருந்தது. கதவைத் திறக்கப்போவது யார் என்று எழுதாமல் எழுத்தாளர் இத்தனை காலம் இழுத்தடித்திருந்தார். மூன்றாம் பாகம் இந்த மாதம் வெளிவருவதையொட்டித்தான் அந்தப் பேட்டி.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போது வரும், துணி உலர்த்தும்போது வரும் என்று நினைத்தாள். விடியற்காலையில் முதுகில் புண் வராமலிருக்க அவரை ஒரு பக்கமாகப் புரட்டுவாள். அப்போது அந்தக் கனமான தோள் அவள் கையில் மூட்டை போல விழும். அப்படி விழுந்த சில காலைகளில் அவளுக்குள்ளும் ஒன்று ஓடியிருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை. பெரியவர் வாசித்தபோது அது அவளுக்குப் புதிதாக இல்லை. இவ்வளவு நல்ல தமிழில் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மகள் மறுநாள் வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். சீருடையைக்கூட மாற்றாமல் பணிமனையிலிருந்து நேராக வந்திருந்தாள். அவள் ஓட்டும் பேருந்தில் சக்கர நாற்காலிக்காரர்கள் ஏற ஒரு சாய்வுப் பலகை உண்டு. அதில் தினமும் ஏறி இறங்குகிற நாலைந்து பேர் அவளுக்குச் சிநேகிதர்கள். அவர்களில் ஒருவர்தான் பேட்டியை அவளுக்கு ஃபோனில் அனுப்பியிருந்தார். வந்ததும் அப்பாவின் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

"பேட்டியப் படிச்சியாம்மா?"

"வாசிக்கக் கேட்டேன்."

"கேட்டுட்டுமா அந்த ஆளோட புத்தகத்த இங்க அடுக்கி வச்சிருக்க?"

"புத்தகம் அப்பாவோடதுடி."

"அப்பா வாங்கினது. அப்பா மாதிரி ஆயிரம் பேர் வாங்கினது. நாம வாங்கி வாங்கித்தான் அந்தாளு இன்னிக்கு பேட்டி குடுத்து நம்மளயே மிச்சம்ங்கறான். இனிமே ஒண்ணும் வாங்கக் கூடாது. இருக்கறதப் படிக்கவும் கூடாது."

நாத்தனார் காய் நறுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல், "இப்படியே போனா சோப்பு வாங்கறதுக்குக்கூட அதைச் செஞ்சவன் யோக்கியனான்னு விசாரிச்சுட்டுத்தான் குளிக்கணும் போல" என்றாள்.

"சோப்பு எங்கப்பாவைப் பத்திப் பேசலையே அத்தை."

நாத்தனார் அடுத்த காயை எடுத்தாள். மகள் குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட இதச் சொல்லிடாத. தாங்கமாட்டார்" என்றாள். பிறகு ஓர் அட்டைப் பெட்டியோடு அறைக்குள் போய், புத்தகங்களை எடுத்து அடுக்கினாள். கணவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி அரிக்கிறது, மருந்தடித்துக் கொண்டுவருகிறேன் என்று மகள் அவரிடம் சொன்னாள். அவர், "அப்புறம்?" என்றார். "அப்புறம் திரும்ப வச்சுடலாம்பா" என்றாள் மகள். பெட்டி பரணுக்குப் போனது. அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. வேண்டாமென்று தடுப்பதற்கும் சரியென்று தூக்கிக் கொடுப்பதற்கும் ஒரே அளவு தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

அன்று சாயங்காலம் வேறோர் எழுத்தாளரின் கதையை எடுத்து வாசித்தாள். கணவர் ஒரு பத்தி கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஊட்டிய சாப்பாட்டை நாக்கால் தள்ளி வெளியே விட்டார். வெறும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுகளுக்கு நடுவே தூசி இல்லாத சதுரங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அவள் அவற்றையும் துடைத்துவிட்டாள். வாசிக்காத நேரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. நாத்தனாருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

புத்தக வெளியீட்டுக் கூட்டத்தைப் பற்றி மகள்தான் வந்து சொன்னாள். அரங்கத்து வாசலில் அவள் சிநேகிதர்கள் அட்டை பிடித்து நிற்கப்போகிறார்கள். "அப்பாவையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்" என்றாள்.

"என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவ?"

"உங்க எழுத்தாளரப் பாக்கப் போறோம்னு. அது பொய் இல்லையே."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை விலக்கிக்கொண்டாள். அவள் எழுந்து போய் வெந்நீர் வைத்தாள். கணவருக்குச் சவரம் செய்துவிட்டாள். செயலற்ற கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளிக் கொடுக்க அவரால் முடியாது, அதனால் தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை ஓட்ட வேண்டும். எழுத்தாளரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து அவர் ஓர் அசைவும் இல்லாமல், படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நீல நிறச் சட்டையைக் காட்டினாள். இல்லையென்று தலையாட்டினார். வெள்ளையைக் காட்டியதும் "அப்புறம்" என்று இடது கையை நீட்டினார்.

அரங்கத்துக்கு வெளியே நீண்ட நடைக்கூடம். கண்ணாடிக் கதவுகள், பூச்சாடிகள், புத்தகம் விற்கிற ஒரு மேசை. நடையின் ஒரு பக்கமாகச் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. எல்லார் மடியிலும் ஒரே வாசகம் எழுதிய அட்டை. 'நாங்கள் மிச்சம் இல்லை.' மகள் அப்பாவின் நாற்காலியை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி, அவர் மடியிலும் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தாள். எழுத்து வெளிப்பக்கம் பார்த்திருந்தது. அவருக்குத் தெரிந்தது அட்டையின் பழுப்பு முதுகு மட்டும். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்தாளர் வந்தபோது புகைப்படத்தில் இருந்ததைவிட ஆள் சின்னதாக இருந்தார். கைத்தடி ஊன்றி, ஓர் உதவியாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வரிசையிலிருந்து யாரோ கேள்வி கேட்டார்கள். அவர் காதில் விழாதது போல மெல்ல நடந்தார், கண் மட்டும் அட்டைகளின் மேல் ஒவ்வொன்றாகப் பட்டு விலகியது. அப்போது கணவரின் முகத்தில் இடது பக்கம் மட்டும் மலர்ந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்துவிடப் பார்த்தார். முடியவில்லை. இடது கையை உயர்த்தினார்.

"அப்புறம்?" என்றார். நல்ல உரத்த குரல். நடை முழுக்கக் கேட்டது.

எழுத்தாளர் நின்றார். கேமராக்கள் திரும்பின. "என்ன கேக்கறார்?" என்று எழுத்தாளர் பொதுவாகக் கேட்டார். தான் பேசப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. "ரெண்டாம் பாகம் வரைக்கும் வாசிச்சாச்சுங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கறார்" என்றாள்.

எழுத்தாளரின் முகம் அவிழ்ந்தது. அது நடிப்பு என்று பிறகு மகள் சொன்னாள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. கடையில் முதல்முறை கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்கிறவர்கள் முகத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அது. உதவியாளரிடமிருந்து ஒரு புத்தகத்தை வாங்கி, கணவரின் மடியில், அந்த அட்டைக்கு மேலேயே வைத்தார். அவருடைய இடது கையைத் தன் நடுங்குகிற கைக்குள் எடுத்துக்கொண்டார். "வாசிங்க. எல்லாம் இதுல இருக்கு" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். மகள் நாற்காலியின் பின்பக்கக் கைப்பிடிகளை ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அங்கே எடுத்த படம் மறுநாள் எல்லா இடத்திலும் வந்தது. புத்தகம் அட்டையை மறைத்துவிட்டதால், 'நாங்கள்' என்கிற முதல் சொல் மட்டும் அதில் தெரிந்தது. எழுத்தாளரை நேசிக்கிறவர்கள் அதைப் பகிர்ந்து, பாருங்கள் இவரையா ஈரமில்லாதவர் என்கிறீர்கள் என்று கேட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் இருவர் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கடை முதலாளி அவளிடம் ஃபோனை நீட்டி, "உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளாயிட்டாரே" என்றார். அவள் சிரித்து வைத்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சவரம் செய்ததில் தாடைக்குக் கீழே ஓர் இடம் விட்டுப்போயிருந்தது தெரிந்தது.

மூன்றாம் பாகம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. அவள் அதை ஒளித்து வைக்கவில்லை, திறக்கவும் இல்லை. சாயங்காலம் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். கணவர் அறை வாசலுக்கு வெளியே கையைக் காட்டுவார். தண்ணீரா என்பாள், விளக்கா என்பாள். அவர் கையைக் கீழே போட்டுவிடுவார். அவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு வாரத்துக்குமேல் கழித்து, விடுமுறை நாளில் மகள் வந்தாள். வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் மேலே பார்த்தாள். "இன்னும் தூக்கிப் போடலையா?"

"நீ போடேன்."

மகள் போடவில்லை. மேசையில் உட்கார்ந்தாள். "அப்பாவுக்குப் பேட்டி விஷயம் தெரிஞ்சிருந்தா அன்னிக்குக் கையைத் தூக்கியிருக்கவே மாட்டார்மா" என்றாள்.

"யாரும் சொல்லலையே அவர்கிட்ட."

"எப்படிச் சொல்றது?"

"உன் ஃபோன்ல இருக்குமே. எடு."

மகள் அவளையே பார்த்தாள். பிறகு ஃபோனில் தேடி எடுத்து நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னங்க, உங்க எழுத்தாளர் ஒரு பேட்டி குடுத்திருக்கார். வாசிக்கறேன்" என்றாள். கணவர் தலையணையில் முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் நாவல் வாசிக்கிற அதே குரலில், அதே வேகத்தில் வாசித்தாள். சின்ன வயது நினைவுகள், மூன்றாம் பாகம் எழுதப் பட்ட பாடு, பிறகு அந்தக் கேள்வி, அந்தப் பதில். ஒரு வரியையும் விழுங்கவில்லை. 'எழுந்து நிற்க முடியாத, பேச முடியாத ஓர் உடம்பை' என்ற இடத்தில் திரை மங்கியது. பின்னால் நின்ற மகள் கையை நீட்டித் தொட்டு வெளிச்சம் வரவழைத்தாள். அவள் மீதியையும் வாசித்தாள். 'மிச்சத்தை வைத்துக்கொண்டு' என்பதையும் வாசித்தாள். தன் குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை.

"அவ்வளவுதாங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். வலது கண்ணில் ஈரம் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும். அந்த ஒற்றைச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை. மேலே கூரையைப் பார்த்தார். தெருவில் ஒரு வண்டி பின்னால் நகர்கிற ஓசை கேட்டு நின்றது. பிறகு அவர் இடது கையைத் தூக்கி அறை வாசலுக்கு வெளியே காட்டினார்.

மகள் துண்டை எடுத்து வந்தாள். அவர் தலையை அசைத்தார். போர்வையை எடுத்து வந்தாள். மூத்திரக் குடுவையை எடுத்து வந்தாள். இல்லை, இல்லை. மகள் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். எடுத்துவர வேறெதுவும் பாக்கியில்லை என்று ஆனபிறகு குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து, கட்டிலின் விளிம்பில், அவரைப் பார்க்காமல் வைத்தாள். அவர் அதன்மேல் கையை வைத்தார். பிறகு அதை மெல்ல மகள் பக்கம் தள்ளினார்.

"என்னால முடியாதுப்பா" என்றாள் மகள். "அந்தாளோட ஒரு வரிகூட என் வாயில வராது."

அவர் கையை எடுக்கவில்லை. நாற்காலியில் இருந்த அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவருக்கு வெறும் தண்ணீர் புரையேறும். ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். டம்ளரில் மாவைப் போட்டுக் கட்டி தட்டாமல் கலக்கினாள். உள்ளிருந்து ஏதாவது குரல் வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே கலக்கினாள். வரவில்லை. கரண்டி சுற்றச் சுற்றக் கனமானது.

டம்ளரோடு அறை வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றாள். மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கி, புத்தகத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தாள். அவளுடைய முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கணவரின் கண்கள் இடமிருந்து வலமாகப் போயின, இறங்கின, மறுபடி போயின. பக்கத்தின் அடிக்கு வந்ததும் அவர் விரல் மகளின் மணிக்கட்டில் ஒருமுறை தட்டியது. மகள் திரும்பிப் பார்க்காமலேயே கட்டைவிரலால் தடவிப் பக்கத்தைத் திருப்பினாள். புதுப் புத்தகம். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே திரும்பின. வாசலிலிருந்து அவளுக்கு அது தெரிந்தது. நடுவே விட்டுப்போன பக்கங்களைத் தேடாமல் கணவர் கண்ணைப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து ஆரம்பித்தார்.